மீட்டெடுக்கும்போது கருவி பேசாமல் இருந்தால்

2017 ஜனவரி 31 அன்று, உலகப் பொது நேரமான யூடிசிப்படி இரவு 11 மணிக்கு மேல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில், ஒரு கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். கிட்லேப் டாட் காம் தளத்தின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அப்போது ஒரு முதன்மைச் சேவையகத்திலும், அதைப் பின்தொடர்ந்து பிரதியெடுக்கும் ஒரு துணைச் சேவையகத்திலும் இயங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை வேண்டாத பதிவுகளின் பெருக்கத்தால் சுமை ஏறியதில் துணைச் சேவையகம் பின்தங்கிப்போனது. அது படிக்கவேண்டிய ‘வால்’ கோப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றமும் முதலில் எழுதப்படும் பதிவுக் கோப்புகளை, முதன்மைச் சேவையகம் அதற்குள் நீக்கிவிட்டிருந்தது. எனவே துணைச் சேவையகத்தின் தரவு அடைவைத் துடைத்துவிட்டு, ‘பிஜி பேஸ்பேக்கப்’ என்னும் கருவியைக் கொண்டு முழுத் தரவையும் மறுபடி இழுத்துவருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் கருவி முதலில் பேசத்தான் செய்தது. அனுப்புநர் இணைப்புகளின் வரம்பு போதவில்லை என்றது, வரம்பை உயர்த்தினார்கள். அதற்காக மறுதொடக்கம் செய்தபோது, இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை 8000 என்று இருந்ததால் போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது. அதை 2000 ஆகக் குறைத்தார்கள். அதன் பிறகு கொடுத்த கட்டளைக்குத்தான் பதிலே வரவில்லை. பிழைச்செய்தியும் இல்லை, முன்னேற்றமும் தெரியவில்லை. கருவி பழுதாகியிருக்கவில்லை, முதன்மைச் சேவையகம் தரவை அனுப்பத் தொடங்கும்வரை ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பது அன்றைக்கு அதன் இயல்பாக இருந்தது. முந்தைய முயற்சிகளில் உருவான அடைவு ஏதோ குழப்பம் செய்கிறது என்று நினைத்த பொறியாளர் அதை நீக்கும் கட்டளையைக் கொடுத்தார். அவர் இருந்த முனையம் துணைச் சேவையகத்தினுடையது அல்ல, முதன்மைச் சேவையகத்தினுடையது. ஓரிரு வினாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் அளவே எஞ்சியிருந்தது.

இந்த நிகழ்வைக் கிட்லேப் மறைக்காமல் வெளியிட்டது. மீட்புப் பணியையே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. அதனால் இதைப் பற்றிப் பேசாத தரவுத்தள நிர்வாகிகள் குறைவு. பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘தவறான சேவையகத்தில் தட்டிவிட்டார்’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அந்தத் தட்டலுக்கு முந்தைய நிமிடங்கள். பேசிக்கொண்டிருந்த கருவி பேசாமல் போனது. அந்த மௌனத்துக்கு ஒரு பொருளை மனிதர் தாமே ஊகித்துக்கொண்டார். கட்டளைவரிக் கருவிகளைக் கொண்டு தரவுத்தளங்களை மீட்டெடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில், இந்த வேலையில் மனிதரைக் கவிழ்ப்பது பிழைச்செய்திகள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். பிழைச்செய்தி எவ்வளவு நீளமாக இருந்தாலும் படித்துப் பொருள் காணலாம். எதுவும் சொல்லாமல் முடிந்துபோகும் கட்டளையும், எதுவும் சொல்லாமல் நிற்கும் கட்டளையும்தான் ஆபத்தானவை.

அந்த இரவின் அடுத்த பகுதியும் மௌனத்தின் கதையே. காப்புப்பிரதிகளைத் தேடியபோது, நாள்தோறும் தரவுத்தளத்தை நகலெடுக்கும் ‘பிஜி டம்ப்’ கருவியால் பிரதி எடுத்து அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் வைத்திருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓடியது. காப்புப்பிரதி எடுக்கும் பணியோ 9.2 பதிப்பின் பிஜி டம்ப்பை இயக்கிவந்தது. தன்னைவிடப் புதிய பெரும்பதிப்புச் சேவையகத்திலிருந்து நகலெடுக்கப் பிஜி டம்ப் மறுக்கும்; பதிப்புகள் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அதாவது இங்கே கருவி சரியாகவே பேசியிருக்கிறது. ஆனால் அந்தப் பிழையைத் தாங்கிச் சென்ற தானியங்கி மின்னஞ்சல்கள் கையொப்பமிடப்படாதவை என்பதால், அனுப்புநரைச் சரிபார்க்கும் ‘டிமார்க்’ விதியின்படி பெறுமிடத்தில் நிராகரிக்கப்பட்டன. சேவையகங்கள் இருந்த மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகத்தில், வட்டின் அந்தக் கண நிலையை அப்படியே பிடித்துவைக்கும் நிழற்பட வசதி கோப்புச் சேவையகங்களுக்கு இயக்கப்பட்டிருந்தது, தரவுத்தளச் சேவையகங்களுக்கு இல்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக அன்று மாலை 5:20 மணியளவில் கையால் எடுக்கப்பட்ட ஒரு எல்விஎம் (லினக்ஸின் வட்டு மேலாண்மை அமைப்பு) நிழற்படம். அது இருந்த சோதனைச் சூழலின் வட்டுகள் மெதுவானவை. வேகம் வினாடிக்கு 60 மெகாபிட் அளவிலேயே நின்றது. தளம் மீண்டும் திறக்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தரவு போனது. அதிகபட்சம் 5000 திட்டங்களும், 5000 கருத்துகளும், சுமார் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று கணக்குக் காட்டினார்கள்.

இப்போது அந்தக் கருவியின் வழக்கம் மாறியிருக்கிறது. இன்றைய பதிப்புகளில் விவரமாகச் சொல்லும்படி ‘மைனஸ் வி’ விருப்பைக் கொடுத்தால், நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதும் செக்பாயிண்ட் முடியக் காத்திருப்பதாகப் பிஜி பேஸ்பேக்கப் எழுதிக்காட்டுகிறது. செக்பாயிண்ட்டை உடனே செய்யும்படி ‘ஃபாஸ்ட்’ என்று கேட்டால் அந்தக் காத்திருப்பே பெரும்பாலும் இருக்காது. ‘மைனஸ் பி’ கொடுத்தால் எவ்வளவு வந்திருக்கிறது என்ற விழுக்காட்டையும் காட்டும். இந்த மூன்றும் இல்லாமல் நான் அந்தக் கட்டளையைக் கொடுப்பதே இல்லை. கருவி பேசுவதற்கு வழி வைத்திருக்கிறது. பேசச்சொல்லிக் கேட்கவேண்டியது நாம்.

மீட்டெடுப்பு என்பது பேரிடர் நாளில் தொடங்குகிற வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் காப்புப்பிரதி எடுக்கும் கட்டளை வரியிலேயே அது தொடங்கிவிடுகிறது. சிறு அலுவலகங்களில் நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் வரி ஒன்று உண்டு: பிஜி டம்ப்பின் வெளியீட்டைப் பைப் வழியாக, அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் இணைப்பு வழியாக, சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு அனுப்பி, அதைத் தேதியிட்ட கோப்பில் எழுதுவது. பார்ப்பதற்குக் குறையில்லாத வரி. ஆனால் பைப்பால் இணைந்த கட்டளைகளில் கட்டளைகளை இயக்கும் ஷெல் எடுத்துக்கொள்ளும் எக்ஸிட் கோட், அதாவது வெற்றியா தோல்வியா என்று கட்டளை முடியும்போது தரும் எண், கடைசிக் கட்டளையினுடையது. பிஜி டம்ப் பாதியில் இணைப்பறுந்து இறந்தாலும், தனக்கு வந்த அளவைச் சுருக்கிக் கோப்பை முறையாக மூடிவிட்டு, ஜிஜிப் ‘வெற்றி’ என்று சுழியத்தைத் திருப்பித் தருகிறது. அந்தக் கோப்பை ஜிஜிப்பின் சோதனை விருப்பால் பரிசோதித்தாலும் பழுதில்லை என்றே வரும், ஏனெனில் சுருக்கப்பட்ட கோப்பாக அது பழுதற்றதுதான். உள்ளே பாதித் தரவுத்தளம் இருக்கிறது என்பது ஜிஜிப்புக்குத் தெரிய வழியில்லை. பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கினால் பிஜி டம்ப்பின் தோல்வி மேலே வந்து சேரும். எளிய எஸ்க்யூஎல் (தரவுத்தளங்களின் கட்டளை மொழி) வடிவில் எடுத்த கோப்பானால், அதன் கடைசி வரிகளைத் ‘டெயில்’ கட்டளையால் எடுத்துப் பார்த்து, தரவுத்தள நகல் முடிந்தது என்று பிஜி டம்ப் தானே எழுதும் குறிப்பு இருக்கிறதா என்றும் உறுதிசெய்துகொள்ளலாம். மைஎஸ்க்யூஎல் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ‘மைஎஸ்க்யூஎல் டம்ப்’ முழுமையாக முடிந்தால், கோப்பின் இறுதியில் முடிந்த நேரத்தோடு அதைக் குறித்துவைக்கும்.

என்னைக் கேட்டால் எளிய எஸ்க்யூஎல் வடிவத்தையே பெரிய தரவுத்தளங்களுக்குத் தவிர்த்துவிடுவது நல்லது. ‘மைனஸ் எஃப் சி’ கொடுத்து எடுக்கும் கஸ்டம் வடிவம் தானே சுருங்கிக்கொள்கிறது. அதோடு கோப்பின் தலைப்பகுதியில் ஒரு பொருளடக்கத்தை வைத்துக்கொள்கிறது. இந்தப் பொருளடக்கம்தான் பிற்பாடு ஒரே ஓர் அட்டவணையை மட்டும் மீட்கவேண்டிய நாளில் நம்மைக் காப்பாற்றும். இதிலும் ஒரு மௌனம் ஒளிந்திருக்கிறது. பொருளடக்கம் தலைப்பகுதியில் இருப்பதால், பாதியில் அறுந்த கோப்பிலிருந்தும் மீட்டெடுக்கும் கருவியான ‘பிஜி ரீஸ்டோர் மைனஸ் எல்’ பட்டியலை அழகாக அச்சிட்டுவிடும். பட்டியல் வந்ததைப் பார்த்துக் கோப்பு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது சரியன்று. எந்தத் தரவுத்தளத்தோடும் இணைக்காமல், வெளியீட்டை ‘டெவ் நல்’ என்ற வெற்றிடத்துக்கு அனுப்பிப் பிஜி ரீஸ்டோரை இயக்கினால், அது கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்து விரித்துப் பார்க்கும். அறுந்த இடத்தில் குரல் கொடுக்கும். சில நிமிட வேலை. இரவுதோறும் காப்புப்பிரதி முடிந்ததும் இதையும் ஓடவிடுவது எளிது.

பிஜி டம்ப் எடுத்துத் தராதவையும் உண்டு. பயனர் பாத்திரங்களும் அவற்றின் கடவுச்சொற்களும் ஒரு தரவுத்தளத்துக்குள் அடங்குபவை அல்ல, ஒரே சேவையகத்தில் சேர்ந்து இயங்கும் தரவுத்தளங்களின் முழுத் தொகுதிக்கும் பொதுவானவை. ஆகவே ஒற்றைத் தரவுத்தளத்தின் நகலில் அவை வாரா. ‘பிஜி டம்ப்ஆல்’ கருவியைப் பொதுவானவற்றை மட்டும் தரும்படி இயக்கி, அந்தச் சிறு கோப்பைத் தனியாகச் சேர்த்துவைக்கவேண்டும். புதிய கணினியில் மீட்டெடுக்கும்போது வரிசையாக வரும் ‘அந்தப் பாத்திரம் இல்லை’ என்ற பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கோப்பு இல்லாததால் வருபவை.

இனி மீட்டெடுக்கும் நேரம். எளிய எஸ்க்யூஎல் கோப்பைப் போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான ‘பிஎஸ்க்யூஎல்’ வழியாக உள்ளே ஊற்றுகிறோம். ஒரு கட்டளை பிழைத்தால் பிஎஸ்க்யூஎல் அதைத் திரையில் சொல்லிவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். இதுதான் அதன் இயல்பான நடத்தை. நூற்றுக்கணக்கான வரிகள் மேலேறி மறைய, இறுதியில் அமைதியாக முடிந்து, எக்ஸிட் கோடாகச் சுழியத்தையே தரும். என்னோடு பணியாற்றிய இளைஞர் ஒருவர் அப்படி முடிந்த திரையைக் காட்டி, “அண்ணா, கடைசியில எர்ரர் எதுவும் இல்லையே, ஏறிடுச்சுதானே?” என்று கேட்டார். அவர் பார்த்தது கடைசித் திரையை மட்டும். பிழை எப்போதோ மேலே ஓடிப்போயிருந்தது. ‘ஆன் எரர் ஸ்டாப்’ என்ற மாறியை இயக்கிவிட்டால் முதல் பிழையிலேயே பிஎஸ்க்யூஎல் நிற்கும், எக்ஸிட் கோடாக 3ஐத் தரும். அதோடு ஒற்றைப் பரிவர்த்தனையாக ஓட்டும் விருப்பையும் சேர்த்தால், நடுவில் எது தவறினாலும் ஏறியது அனைத்தும் பின்வாங்கப்பட்டு, தரவுத்தளம் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடும். பாதி ஏறிய தரவுத்தளம் போல் ஏமாற்றுவது வேறொன்றில்லை. அது திறக்கும், வினவல்களுக்குப் பதில் சொல்லும், வரிகளைக் காட்டும், இல்லாதவற்றைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாது.

பிஜி ரீஸ்டோர் இந்த வகையில் கொஞ்சம் நேர்மையானது. அதுவும் இயல்பாகப் பிழைகளைத் தாண்டிப் போகும். ஆனால் முடிவில், மீட்டெடுப்பின்போது புறக்கணித்த பிழைகள் இத்தனை என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, தோல்விக் குறியோடு வெளியேறும். அந்த ஒற்றை வரியை, ‘ஏதோ நீட்சிகளின் உரிமைப் பிழையாக இருக்கும்’ என்று தள்ளிவிடும் வழக்கம் பல இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் வழக்கம் ஊறுகிறது. நான் செய்வது, பிழை வெளியீட்டை எப்போதும் ஒரு கோப்பில் பிடித்துக்கொள்வது, பிறகு அதில் ஒவ்வொரு பிழைக்கும் காரணம் எழுதிவைப்பது. அடுத்த மாத ஒத்திகையில் அதே பிழைகள் மட்டும் வந்தால் மனம் அமைதியடையும். புதிதாக ஒன்று சேர்ந்திருந்தால் அன்றைய வேலை அதுதான்.

அப்படி ஒரு புதுப் பிழை எப்படி முளைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லவேண்டும். 2018இல் வெளியான ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பிஜி டம்ப் தான் எடுக்கும் நகலில் பெயர்களைத் தேடும் பாதையான ‘சர்ச் பாத்’தை வெறுமையாக்கிவிடுகிறது. வேறொருவர் நட்டுவைத்த பொய்யான செயற்கூறுகள் மீட்டெடுக்கும்போது இயங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் நம் செயற்கூறு ஒன்று ‘பொருள்கள்’ என்ற அட்டவணையை அது அடங்கிய தொகுப்பான ஸ்கீமாவின் பெயரில்லாமல் வெறும் பெயரால் அழைத்து, அந்தச் செயற்கூறை தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸோ, வினவலின் முடிவைச் சேமித்துவைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூவோ பயன்படுத்துகிறது என்றால், இயங்கும் சேவையகத்தில் ஒரு நாளும் குறை தெரியாது. மீட்டெடுக்கும்போது மட்டும் அந்த அட்டவணையே இல்லை என்ற பிழையோடு நிற்கும். அட்டவணை அங்கேதான் இருக்கும். நிரல் எழுதுபவர் யாரும் தவறு செய்திருக்கமாட்டார்; மீட்டெடுத்துப் பார்க்காத எவருக்கும் இது தெரியவே தெரியாது. செயற்கூறுக்குள் ஸ்கீமா பெயரைச் சேர்த்து எழுதுவதோ, அந்தச் செயற்கூறுக்கே தேடல் பாதையை நிலைநிறுத்துவதோ இதற்கு மருந்து.

நீண்ட மௌனம் இன்னொரு வகை. பிஜி ரீஸ்டோர் மூன்று கட்டங்களாக வேலை செய்கிறது: முதலில் அட்டவணைகளின் அமைப்பு, பிறகு தரவு, கடைசியில் இன்டெக்ஸ்கள், அட்டவணைகளை இணைக்கும் அயல்சாவிகள், மாற்றம் நேரும்போது தானே இயங்கும் ட்ரிகர்கள். தரவு ஏறி முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கத் தோன்றும். பெரிய தரவுத்தளங்களில் மூன்றாம் கட்டம் தரவு ஏற்றியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வதும் உண்டு. ‘மைனஸ் ஜே’ கொடுத்துப் பல வேலைகளாகப் பிரித்து ஓட்டலாம். கஸ்டம் வடிவத்துக்கும் அடைவு வடிவத்துக்கும் அது பொருந்தும், ஒற்றைப் பரிவர்த்தனை விருப்போடு மட்டும் சேராது. ஒரே அட்டவணையின் தரவு ஒரே வேலையாகத்தான் ஏறும் என்பதால், மொத்தத் தரவில் பெரும்பகுதி ஒற்றைப் பதிவேட்டு அட்டவணையில் குவிந்திருந்தால், எத்தனை வேலைகளைக் கொடுத்தாலும் கடைசியில் ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தொங்கிவிட்டது போலத் தோன்றும். கொன்றுவிட்டு மறுபடி தொடங்கலாமா என்று கை பரபரக்கும். அந்த நேரத்தில் இரண்டாவது முனையத்தைத் திறந்து சேவையகத்திடமே கேட்கலாம். 12ஆம் பதிப்பிலிருந்து இன்டெக்ஸ் கட்டும் பணி எந்தக் கட்டத்தில் எத்தனை பிளாக்குகளை முடித்திருக்கிறது என்று சொல்லும் ஒரு வியூ இருக்கிறது. 14ஆம் பதிப்பிலிருந்து தரவை ஏற்றும் காப்பிக் கட்டளைக்கும் அப்படி ஒன்று உண்டு. சில நொடிகளுக்கு ஒருமுறை அந்த வியூவை வினவும்படி வைத்தால், எண்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். நகரும்வரை கையை எடுத்துவிடவேண்டும். கிட்லேப்பின் இரவில் அந்தப் பொறியாளருக்குக் கிடைக்காமல் போனது இந்த எண்கள்தான்.

முழுத் தரவுத்தளத்தையும் மீட்கும் நாள் அரிது. அடிக்கடி வருவது, ‘இந்த ஓர் அட்டவணையிலிருந்து வரிகள் போய்விட்டன’ என்ற அழைப்பு. இதற்குப் பொருளடக்கப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி, வேண்டாத வரிகளின் முன்னால் அரைப்புள்ளி இட்டு, ‘மைனஸ் பெரிய எல்’ விருப்பால் அந்தப் பட்டியலின்படி மீட்கும் முறையை நான் விரும்புகிறேன். அட்டவணைப் பெயரை மட்டும் கொடுத்து மீட்கும் குறுக்குவழியும் இருக்கிறது. ஆனால் பிஜி ரீஸ்டோரில் அந்தக் குறுக்குவழி அட்டவணையைத் தருமே தவிர அதன் இன்டெக்ஸ்களைத் தராது, தரவில்லை என்று சொல்லவும் சொல்லாது. பட்டியல் முறையிலும் கவனிக்கவேண்டியது உண்டு: தரவு ஒரு வரி, வரிசை எண்களை வழங்கும் சீக்வென்ஸ் எந்த எண்ணில் நின்றது என்பது இன்னொரு வரி. இரண்டாவதை விட்டுவிட்டால் மீட்டெடுப்பு எந்தக் குறையும் இல்லாமல் முடியும். மறுநாள் காலை முதல் விற்பனைச் சீட்டைப் பதிவு செய்யும்போது அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று தரவுத்தளம் மறுக்கும். எப்படியானாலும் இயங்கும் தரவுத்தளத்துக்குள் நேரடியாக மீட்காமல், பக்கத்தில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி அதில் மீட்டு, வேண்டிய வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுவதே முறை. அதற்கு வட்டில் இடம் வேண்டும். இடம் இருக்கிறதா என்று ‘டிஎஃப்’ கட்டளையால் பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

எல்லாம் ஏறி முடிந்தபின் வரும் மௌனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். புதிதாக மீட்ட தரவுத்தளத்தில் வினவல்களுக்குத் திட்டமிடும் பகுதிக்குத் தேவையான புள்ளிவிவரங்கள் இயல்பாக இருப்பதில்லை. பிழை எதுவும் வராது. வழக்கமாக நொடியில் வரும் அறிக்கை நிமிடக்கணக்கில் இழுக்கும், பயனர்கள் காப்புப்பிரதியே கெட்டுவிட்டது என்பார்கள். ‘வேக்யூம் டிபி’ கருவியைப் புள்ளிவிவரங்களை மட்டும் திரட்டும்படி, கட்டம் கட்டமாக, இயக்கிவிட்டால் போதும். தானியங்கிப் பணி பிற்பாடு அதைச் செய்துவிடும்தான். ஆனால் மீட்டெடுத்த முதல் மணி நேரத்தில்தான் எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளே வருகிறார்கள்.

இதுவரை சொன்னவை தரவை எஸ்க்யூஎல்லாகவோ அதன் சுருக்கமாகவோ எடுத்து மீட்கும் வழி. நேற்று இரவு எடுத்த நகலுக்கும் இன்று பிற்பகலுக்கும் இடையில் நடந்தவற்றையும் மீட்கவேண்டுமானால், கோப்புகளின் அடிப்படை நகலும் அதன் பின் சேர்ந்த வால் கோப்புகளும் வேண்டும். ஒவ்வொரு வால் கோப்பும் இயல்பாக 16 மெகாபைட். அடிப்படை நகலை விரித்து, ‘ரெகவரி சிக்னல்’ என்ற வெற்றுக் கோப்பை வைத்து, வால் கோப்புகளை எங்கிருந்து எடுக்கவேண்டும் என்பதையும் எந்த நேரம்வரை ஓட்டவேண்டும் என்பதையும் அமைப்புக் கோப்பில் எழுதிச் சேவையகத்தை எழுப்பினால், அது மாற்றங்களை ஒவ்வொன்றாக மறுபடி செய்துகொண்டே அந்த நேரத்தில் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அழிக்கும் கட்டளை ஓடிய நொடிக்கு ஒரு நொடி முன்னால் தரவுத்தளத்தை நிறுத்தமுடிகிறது என்பதை முதன்முதலாகப் பார்த்தபோது உண்டான வியப்பு இன்னும் எனக்குக் குறையவில்லை.

அந்த நேரத்தை எழுதும் இடத்தில்தான் நம் ஊரில் இருப்பவர்கள் மிகுந்த கவனம் கொள்ளவேண்டும். கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பவர் பிற்பகல் 3:10க்கு நடந்தது என்று சொல்வார். மேகத்தில் இருக்கும் சேவையகம் பெரும்பாலும் யூடிசியில் ஓடும். மண்டலம் குறிக்காமல் எழுதிய நேரத்தைச் சேவையகம் தன் மண்டலத்தின் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஐந்தரை மணி நேரம் பிசகும். அதிலும் பிசகுவது தவறான திசையில்: நாம் கேட்டதற்கு ஐந்தரை மணி நேரம் பிந்திய கணத்தை அது தேடும், அழிப்பையும் உண்மையாக மறுபடி செய்துவிட்டுப் போகும். நேரத்தோடு +05:30 என்று சேர்த்தே எழுதவேண்டும். 13ஆம் பதிப்புக்கு முன்னால் இதில் இன்னொரு குழியும் இருந்தது. கேட்ட நேரத்தை எட்டுவதற்குள் வால் கோப்புகள் தீர்ந்துவிட்டால், சேவையகம் அதுவரை வந்ததோடு மீட்பை முடித்துக்கொண்டு எழுதுவதற்கும் திறந்துவிடும். 13இலிருந்து, குறித்த இலக்கை எட்டுமுன் மீட்பு முடிந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஒரு மௌனத்தைப் பிழையாக மாற்றியதுதான் அந்தத் திருத்தம். இதைப் பெரிய மேம்பாடாகவே நான் கருதுகிறேன்.

இலக்கை எட்டியதும் சேவையகம் இயல்பாக இடைநிறுத்தத்தில் இருக்கும், படிக்கலாம், எழுதமுடியாது. இந்த இடைநிறுத்தத்தை அவசரத்தில் வீணாக்கக் கூடாது. உள்ளே போய், போன வரிகள் இருக்கின்றனவா, கடைசிப் பரிவர்த்தனை எத்தனை மணிக்கு என்று பார்க்கவேண்டும். போதாது, இன்னும் சற்றுத் தள்ளிப் போகலாம் என்றால், நிறுத்தி, இலக்கு நேரத்தை இன்னும் சற்றுப் பிந்தியதாக மாற்றி எழுதித் தொடரலாம். தாண்டிவிட்டோம் என்றால் அடிப்படை நகலிலிருந்து மறுபடி தொடங்கவேண்டியதுதான். பின்னோக்கி ஓட்டும் வழி இல்லை. ஆகவே ஐயம் இருக்கும்போது முந்தைய நேரத்தைக் கொடுத்து, சிறிது சிறிதாக முன்னேறுவதே என் வழக்கம். இதே மீட்பில், எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று குறிக்கும் ‘பேக்கப் லேபிள்’ என்ற சிறு கோப்பை, தடையாக இருக்கிறது என்று எண்ணி நீக்கிவிடுவோர் உண்டு. நீக்கினால் சேவையகம் எழுந்துவிடும், அதுதான் கொடுமை. தரவு உள்ளுக்குள் சிதைந்திருக்கும். காப்புப்பிரதியிலிருந்து மீட்கும்போது அந்தக் கோப்பை நீக்கவேண்டாம் என்று பிழைச்செய்தியின் குறிப்பே எச்சரிக்கிறது. அந்தக் குறிப்பை முழுவதும் படிக்கும் பொறுமை அந்த நேரத்தில் வேண்டும்.

கோப்பு நகலை வேறு இயக்குதளத்தில் விரிப்பவர்களுக்கு ஒன்று. 2018இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிதும் மாற்றியது; டெபியன் 10 முதலான லினக்ஸ் பதிப்புகளில் இருப்பது இந்தப் புதிய விதிகள். பழைய கணினியில் கட்டிய இன்டெக்ஸைப் புதிய கணினி வேறு வரிசை விதியால் படிக்கும்போது, இருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தேடினால் இல்லை என்று பதில் வரலாம். தனித்தன்மை காக்கவேண்டிய இன்டெக்ஸ் ஒரே பெயரை இரண்டாவது முறையும் ஏற்றுக்கொள்ளலாம். எங்கும் ஒரு பிழைகூடப் பதிவாகாது. எஸ்க்யூஎல் வழியில் மீட்டால் இன்டெக்ஸ்கள் புதிதாகவே கட்டப்படுவதால் இந்தச் சிக்கல் எழாது. கோப்பு வழியில் மீட்டால், எழுத்து வகைப் புலங்களின் இன்டெக்ஸ்களை மறுபடி கட்டவேண்டும். கெட்டிருக்கிறதா என்று பார்க்க 14ஆம் பதிப்பிலிருந்து ‘பிஜி ஆம்செக்’ கருவி இருக்கிறது. அடிப்படை நகலின் கோப்புகள் எடுத்தபடியே இருக்கின்றனவா என்று பார்க்க 13இலிருந்து ‘பிஜி வெரிஃபை பேக்கப்’ இருக்கிறது. இரண்டும் கேட்டால் மட்டுமே பேசுகிற கருவிகள்.

இவற்றையெல்லாம் நான் மாதம் ஒருமுறை, உற்பத்திச் சூழலோடு தொடர்பில்லாத ஒரு கணினியில், முழுமையாகச் செய்துபார்க்கிறேன். ஒவ்வொரு கட்டளையின் முன்னும் ‘டைம்’ என்று சேர்த்து, எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். ‘எவ்வளவு நேரத்தில் வரும்?’ என்பதே பேரிடர் நாளில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு அளந்து வைத்த பதில் இருந்தால், மேலாளரும் வாடிக்கையாளரும் பரபரப்பில்லாமல் இருப்பார்கள், முனையத்தின் முன்னால் இருப்பவருக்கும் மௌனத்தைப் பொறுக்கும் தைரியம் வரும். சென்ற மாதம் இந்த இன்டெக்ஸ் கட்ட நாற்பது நிமிடம் ஆனது என்று தெரிந்தவர் பத்தாவது நிமிடத்தில் கண்ட்ரோல் சி அழுத்தமாட்டார். ஒத்திகைக் கணினிக்கு வெளியுலக இணைப்பு இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மீட்ட நகலில் அனுப்பப்படாத குறுஞ்செய்திகளின் வரிசை இருக்கும், செயலியை அதன்மேல் எழுப்பினால் உண்மையான வாடிக்கையாளர்களின் கைப்பேசிகள் ஒலிக்கும்.

உண்மையான மீட்பு முடிந்த நாளில் செய்யவேண்டிய கடைசி வேலை ஒன்று இருக்கிறது. களைப்பில் அதைத்தான் எல்லாரும் மறுநாளைக்குத் தள்ளிவைக்கிறார்கள். குறித்த நேரத்தில் நிறுத்தி மீட்ட தரவுத்தளம் அந்தக் கணத்திலிருந்து புதிய காலக்கோட்டில், அதாவது பழையதிலிருந்து பிரிந்த மாற்ற வரிசையில், ஓடுகிறது. புதிய தொகுதி ஒன்றை உருவாக்கி எஸ்க்யூஎல் வழியில் மீட்டிருந்தாலோ, அதன் அடையாள எண்ணே வேறு. பழைய அடிப்படை நகலின்மேல் அதன் வால் கோப்புகளை ஓட்டவே முடியாது. அதாவது, பயனர்கள் உள்ளே வந்து எழுதத் தொடங்கும் அந்த மணி நேரத்தில், புதிய தரவுத்தளத்துக்கு ஒரு முறையான காப்புப்பிரதி இன்னும் இல்லை. வால் கோப்புகள் சேரும் இடத்தைப் புதிதாகப் பிரித்துவைத்து, பிஜி பேஸ்பேக்கப்பை முன்னேற்றம் காட்டும் விருப்போடு இயக்கி, முடிந்ததும் பிஜி வெரிஃபை பேக்கப் சொல்வதைக் கேட்டபிறகுதான் நான் முனையத்தை மூடுகிறேன்.